பின்பாதியில் மட்டும் சடை: கல்லடிப் பாரசீகக் கலப்புப் பூனை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நலமடித்த ஆண். வயது 9. பாலாடை நிறம், நீண்ட உரோமம், மூக்கு அரைவாசி சப்பை. பெயர் வெள்ளையன். எடை 6.4 கிலோ. இவனுடைய எலும்பு வாகுக்கு 4.8 கிலோ தாராளம். வீடு மட்டக்களப்புக் கல்லடியில், வாவிக்கரையில் இருந்து நடந்து போகும் தூரம். மகள் கொழும்பில் குட்டியாக வாங்கி வளர்த்தவன். மகள் வெளிநாடு போனபின் தாயிடமும் பேரனிடமும் வந்து சேர்ந்திருக்கிறான்.

கொண்டுவந்தது தை மாதத்தில், வாடைக்காற்று மழை ஓயும் தறுவாயில். முறைப்பாடு ஒரே வரிதான்: "முடியெல்லாம் சடை புடிச்சிற்று டொக்டர், வழிச்சு விடுங்க." கூடவே இன்னும் இரண்டு விஷயம் போகிற போக்கில் வந்தது. பின்பக்கம் மணக்கிறது, தொட்டால் கடிக்கிறான்.

வழித்துவிட்டால் அரைநாளில் முடிகிற வேலை. ஆனால் பூனை தன் விழித்திருக்கும் நேரத்தில் பெரும் பங்கை நக்கிச் சீர்செய்வதில் செலவழிக்கும் பிராணி. அதன் நாக்கில் உள்ள கொக்கி போன்ற முட்கள்தான் உதிர்ந்த அடிமயிரை இழுத்தெடுக்கின்றன. அந்த வேலை எங்கே நின்றுபோகிறதோ அங்கே உதிர்ந்த மயிர் உதிராத மயிரோடு சுற்றிக்கொண்டு முதலில் சிக்காகும், பிறகு சடையாகும். ஆகவே முதல் கேள்வி, சடை எங்கே இருக்கிறது என்பது. உடம்பு முழுக்க ஒரே சீராகப் பிடித்திருந்தால் காய்ச்சல், வாய்ப்புண், சிறுநீரகம் என்று ஒரு பக்கம் யோசிக்க வேண்டும். காதின் பின்னாலும் கமக்கட்டிலும் மட்டும் என்றால் பெரும்பாலும் சீப்புப் படாத குறைதான்.

வெள்ளையனின் முகம், கழுத்து, நெஞ்சு, முன்கால்கள் எல்லாம் வீட்டுக்காரர் பெருமைப்படும் அளவுக்குச் சுத்தம். கடைசி விலாவுக்குப் பின்னால்தான் கதை மாறியது. இடுப்பு, வால் அடி, பின்தொடைகள், அடிவயிறு எல்லாம் சேர்ந்து ஒரே தகடு. விரலால் தட்டினால் காய்ந்த தோல் மாதிரிச் சத்தம் கேட்டது. முன்பாதியை நக்குகிறவனுக்கு நக்கத் தெரியாமல் போகவில்லை. பின்பாதிக்கு அவனுடைய தலை போய்ச் சேரவில்லை.

ஏன் போய்ச் சேரவில்லை

கேட்டு வாங்கிய விபரங்கள் இவை. முன்பு அலுமாரிக்கு மேல்தான் படுக்கை. இப்போது ஒரு வருசமாகப் பிளாஸ்டிக் கதிரைக்குக்கூட ஏறுவதில்லை, தரையில்தான். மண் தட்டுக்குள் போகாமல் அதன் ஓரத்திலேயே மலம் கழிக்கிறான். தட்டின் விளிம்பு உயரம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. "வயசு போய்ற்று, மறுகா சோம்பலும் கூட" என்றார் அம்மா. இடுப்பு மூட்டை மெல்லப் பின்னால் நீட்டியதும் வெள்ளையன் கழுத்தைத் திருப்பிக் கையைப் பார்த்தான். சத்தம் போடவில்லை. பூனை வலியில் கத்தும் என்று காத்திருப்பவர்கள் அநேகமாக ஏமாந்துதான் போவார்கள்.

2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தது. 90 பூனைகளில் மூட்டுத் தேய்மானத்தின் அடையாளம் இருந்தது. படத்தில் தெரியும் தேய்மானமும் பூனைக்கு இருக்கும் வலியும் ஒன்றுக்கொன்று அளவு பொருந்துவதில்லை என்பதால், இவனுக்கு நாங்கள் எக்ஸ்ரே எடுக்கவில்லை. பேரனிடம் போனில் எடுத்த படமொன்று இருந்தது. வாசற்படியில் இரண்டு பின்கால்களையும் சேர்த்து முயல்போல் தூக்கி வைக்கிறான். எனக்கு அது போதுமாக இருந்தது.

கொழுப்பும் தன் பங்குக்குத் தடுத்தது. உடல்நிலைப் புள்ளி 9க்கு 8. விலா எலும்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சாப்பாடு மூன்று வேளையும் சோறும் சூடை மீனும். மட்டக்களப்பில் பூனைக்கு மீன் கொடுக்க வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, சொல்லவும் தேவையில்லை. ஆனால் கொழுப்புள்ள மீன் மட்டுமே மாதக்கணக்கில் போனால், விற்றமின் ஈ குறைந்து தோலுக்கடியில் உள்ள கொழுப்பே அழற்சியாகிவிடும். அந்தப் பூனையும் முதுகைத் தொட்டால் சீறும். ஆகையால் அதையும் மனதில் வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தேன். கொழுப்பு மெதுவாக இருந்தது, கட்டி இல்லை, காய்ச்சலும் இல்லை. அதைப் பட்டியலில் இருந்து எடுத்தோம்.

நீரிழிவு? அதுவும் பூனையை நக்கவிடாமல் சோர வைக்கும், உரோமத்தை எண்ணெய் வடிய வைக்கும், பின்காலைக் குதியில் ஊன்றி நடக்கவும் வைக்கும். இரத்தத்தில் குளுக்கோசு 214 என்று வந்தது. மனிதருக்கு என்றால் பயப்பட வேண்டிய எண். பூனையோ பையில் போட்டு, முச்சக்கர வண்டியில் ஏற்றி, நாய் குரைக்கும் இடத்தில் காத்திருந்தாலே இந்த அளவுக்கு ஏற்றிக்கொள்ளும். மறுநாள் வீட்டில் பிடித்த சிறுநீரில் சீனி இல்லை. தண்ணீர் குடிப்பதும் கூடவில்லை. நீரிழிவையும் விட்டோம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியட்டினைன் 1.5. வரம்புக்குள்தான், ஆனால் மேல் ஓரத்தில். இந்த எண் பின்னால் வலி மருந்தைத் தெரிவுசெய்யும்போது உதவியது.

வீட்டில் செய்தவை

கத்தரிக்கோல். வலது விலாப்பக்கம் 3 சென்றிமீற்றர் நீளத்துக்குத் தோல் திறந்திருந்தது. பூனையின் தோல் மெல்லியது, கீழே ஒட்டாமல் தளர்ந்து கிடப்பது. சடையைப் பிடித்து இழுத்தால் தோலும் கூடாரம்போல் எழும்பி வரும். கத்தரி போகும் இடத்தில் மயிர் எது தோல் எது என்று கண்ணுக்குத் தெரியாது. சீப்பை இடையில் வைத்துக்கொண்டு வெட்டினால் ஆபத்தில்லை என்று சொல்பவர்கள் உண்டு. சீப்பு நுழையக்கூடிய சடை என்றால் கத்தரியே தேவையில்லை என்பது என் கட்சி.

வெட்டும்போது அம்மாவின் பெருவிரலில் பல் இறங்கியிருக்கிறது. வெள்ளையனின் விசர்நோய்த் தடுப்பூசி அட்டையில் கடைசிப் பதிவு கொழும்புக் காலத்தது. அவரை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பூனைக் கடி ஊசி முனையளவு ஓட்டைதான், உள்ளேதான் சீழ் வைக்கும். கடித்த உடனே சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். விசர்நோய்த் தடுப்பூசி வேண்டுமா என்பதை அங்கே பார்க்கிற டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

வெட்டுக்குப் பிறகு குளிப்பாட்டியிருக்கிறார்கள். சடையோடு குளிப்பாட்டினால் அது நனைந்து, காயும்போது இறுகி, தோலைக் கவ்விப் பிடிக்கும். மழைக்கால ஈரத்தில் அடிப்பக்கம் காயவே காயாது. குளியல் தண்ணீரில் ஊற்றியது, தண்ணீரில் விட்டால் பாலாக வெளுக்கும் வகைக் கிருமிநாசினி. அந்த வகையைப் பூனையின் ஈரல் உடைத்து வெளியேற்றச் சிரமப்படும். பூனை அதை நக்கினால் வாயும் வெந்துபோகும். நல்ல வேளையாக இவனுக்குத்தான் பின்பக்கம் எட்டாதே.

அயலவர் ஒருவர் நாய்க்குப் போடும் தெள்ளுப் பவுடரை எடுத்துவர, பேரன் பக்கெற்றில் இருந்த நாய்ப் படத்தைக் காட்டி வேண்டாம் என்று தடுத்திருக்கிறான். அந்தப் பிள்ளைக்கு ஒரு சபாஷ். நாய்களுக்கான பல மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் கொண்டுவரும், உயிரையும் எடுக்கும். மண்ணெண்ணெய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தேங்காயெண்ணெய் விஷமில்லை, ஆனால் சடையை இளக்காது. தூசியையும் எறும்பையும்தான் கூட்டிவரும். இளகக்கூடிய சிறு சிக்கு என்றால் சோளமா தூவி விரலால் பிரிக்கலாம்.

வழித்தபோது கண்டவை

விழித்த நிலையில் இந்தத் தகட்டை எடுக்க முயன்றால் பூனைக்கும் சித்திரவதை, எங்களுக்கும். முதல் நாள் இரவிலும் வருவதற்கு 2, 3 மணித்தியாலம் முன்பும், பயத்தையும் வலியையும் தணிக்கும் கபாபென்டின் 100 மில்லிகிராம் வீட்டிலேயே கொடுக்கச் செய்தோம். வந்தபிறகு மயக்க ஊசி. 10ஆம் இலக்க பிளேட் போட்ட கிளிப்பர், தோலை இடக்கையால் தட்டையாக இழுத்துப் பிடித்து, சடைக்கும் தோலுக்கும் நடுவே. அவசரப்பட்டால் பிளேட் சூடாகித் தோலைச் சுட்டுவிடும். மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் தொடர வேண்டும். கவட்டின் மடிப்பும், ஆண் பூனைக்கும் இருக்கிற முலைக்காம்புகளும் பிளேட்டில் அகப்படும் இடங்கள்.

தகடு ஒரே துண்டாகக் கழன்றது. கீழே தோல் சிவந்து, ஈரமாய், புளித்த மணத்தோடு இருந்தது. வால் அடியில் மலம் ஒட்டி உலர்ந்த இடத்தில் இலையான் முட்டையும் ஏழெட்டுச் சிறு புழுக்களும். இன்னும் சில நாள் போயிருந்தால் புழு தோலைத் துளைத்து உள்ளே இறங்கியிருக்கும். இடுக்கியால் எடுத்து, உப்புநீரால் கழுவினோம். கறுப்புத் துகள்களை ஈரத் துணியில் தேய்த்ததும் செம்பழுப்பாகக் கரைந்தது. தெள்ளு குடித்துக் கழித்த இரத்தம் அது. செலோடேப்பில் ஒற்றி நுணுக்குக்காட்டியில் வைத்தால் உருண்டைப் பற்றீரியாக்களும் மதுவப் பங்கசும் தாராளம். இவை எல்லாம் சடைக்குக் கீழே எதிர்பார்க்கக் கூடியவைதான்.

எதிர்பாராதது சடையே இல்லாத முன்பாதியில் இருந்தது. இடது காது ஓரத்திலும் முன்பாதத்திலும் பத்துச் சத நாணயமளவு இரண்டு வட்டங்கள். மயிர் உதிரவில்லை, ஒடிந்திருந்தது. அடியில் சாம்பல் செதில். நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, பேரன் தன் முழங்கையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவனுடைய கையிலும் கழுத்திலும் ஓரம் சிவந்த வட்டங்கள். பார்மசியில் வாங்கிய கிறீம் பூசினால் மங்குகிறதாம், விட்டால் திரும்ப வருகிறதாம்.

இருட்டறையில் வூட்ஸ் விளக்கு, அதாவது படர்தாமரைப் பங்கசைத் தேடும் புறஊதா விளக்கு. பூனையின் மயிரின் அடியில் பச்சை அப்பிள் நிற ஒளிர்வு. செதில் ஒளிர்வதும், பூசிய மருந்து நீலமாக மின்னுவதும் கணக்கில்லை. மயிர்த்தண்டே பச்சையாக ஒளிர வேண்டும். காசுத்தாள் சரிபார்க்கும் நீல டோர்ச்சை வைத்துக்கொண்டு வீட்டில் முடிவு கட்டுபவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். அதன் அலைநீளம் பெரும்பாலும் வேறு, தூசியையும் பஞ்சையும்கூட அது ஒளிர வைக்கும். ஒளிர்ந்த மயிரைப் பிடுங்கி வளர்ப்புச் சோதனைக்கு வைத்தோம். மைக்ரோஸ்போரம் கனிஸ். பூனையில் இருந்து மனிதருக்குத் தொற்றும் படர்தாமரையின் வழக்கமான காரணம். பாரசீக இனத்தில் இது அதிகம் காணப்படுவதும் தெரிந்த விஷயம்.

பேரனைத் தோல் வைத்தியரிடம் அனுப்பினோம், பூனையின் பெயரையும் பங்கசின் பெயரையும் துண்டில் எழுதிக் கொடுத்து. பார்மசிக் கிறீமில் பங்கசு மருந்தோடு ஸ்டீரொயிட்டும் கலந்திருந்தது. சிவப்பையும் சொறியையும் அது அடக்கும், பங்கசுக்கு ஊட்டமும் கொடுக்கும். பூனைக்கும் இதே கதைதான். சொறிகிறதென்று வந்த பூனைக்கெல்லாம் கையோடு ஒரு ஸ்டீரொயிட் ஊசி போட்டு அனுப்புகிற பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. இவனுக்கு அது போடப்பட்டிருந்தால் காதில் இருந்த வட்டம் உடம்பெல்லாம் பரவியிருக்கும்.

சிகிச்சையும் அதன் வரிசையும்

நான்கு பிரச்சினைகள் ஒன்றாக நின்றன: ஈரத் தோல், தெள்ளு, பங்கசு, மூட்டு. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து எழுதினால் எது வாந்தி வர வைத்தது என்றே பிறகு தெரியாது.

தோலுக்கும் பங்கசுக்கும் சேர்த்து, குளோர்ஹெக்சிடினும் மைகொனசோலும் கலந்த ஷாம்பூ, வாரம் இரண்டு முறை, நுரையோடு 10 நிமிடம் வைத்துக் கழுவுவது. பங்கசுக்கு வாயால் இட்ராகொனசோல், ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில், ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் விட்டு. மேற்பூச்சு மட்டும் போதாது, வாய்மருந்து மட்டும் போதாது என்று 2017இல் வெளியான சர்வதேச வழிகாட்டலும் சொல்கிறது. வாய்மருந்து பூனையைக் குணப்படுத்தும். மயிரில் ஒட்டியிருக்கும் வித்திகள் வீட்டில் கொட்டாமல் பார்ப்பது மேல்மருந்து. தெள்ளுக்குப் பூனைக்கென்று உள்ள, பிடரியில் விடும் துளிமருந்து. விலாப்பக்கக் காயத்தை விளிம்பு சீராக்கித் தைத்தோம்.

மூட்டு வலிக்கு, சிறுநீரகத்துக்குச் சுமையாகக்கூடிய வலிமருந்தான மெலொக்சிகாம் என்ற யோசனை உடனே வரும். கிரியட்டினைன் ஓரத்தில் நிற்க, ஈரலுக்கு வேலை வைக்கும் இட்ராகொனசோல் ஓடிக்கொண்டிருக்க, அதைப் பின்னுக்குத் தள்ளினேன். முதல் இரண்டு மாதமும் குறைந்த அளவு கபாபென்டின் மட்டும். "பரசிற்றமோல் அரைக் குளிசை குடுக்கட்டா" என்று அம்மா கேட்டது நல்லதாய்ப் போயிற்று. பூனைக்கு அந்த அரைக் குளிசையே உயிரை எடுக்கலாம். இரத்தத்துக்கு ஒட்சிசன் சுமக்க ஏலாமற் போய்விடும்.

எடை குறைப்பில் அவசரம் ஆகாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறி மஞ்சளாகிவிடும். வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம் குறைந்தால் போதும். சோற்றை மெல்ல மெல்லக் குறைத்து, அவித்த கோழியும் அளந்து போட்ட பூனைத் தீனும், இடையிடையே கொஞ்சம் சூடை. மண் தட்டுக்குப் பதிலாக ஒரு பக்கம் விளிம்பு வெட்டிய பழைய பேசின்.

வீட்டைச் சுத்தம் செய்வதில்தான் குடும்பம் களைத்துப் போனது. இந்த வித்திகள் வெளியே மாதக்கணக்கில், ஒரு வருசத்துக்கு மேலும் உயிர்ப்போடு கிடக்கக்கூடும் என்று கேட்டதும் மெத்தையை எரிக்கலாமா என்ற கட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அவ்வளவு தேவையில்லை. மயிரைக் கூட்டி அள்ளுவதுதான் முக்கால்வாசி வேலை. காய்ந்த விளக்குமாறு மயிரைப் பறக்கவிடும், ஈரத் துணி அல்லது மொப் பிடித்துக்கொள்ளும். துணிகளைச் சாதாரண சவர்க்காரத்தில் இரண்டு முறை தோய்த்தால் போதும். சீமெந்துத் தரை கழுவ இலகு, கம்பளம் இல்லாத வீடு, வெள்ளையன் ஒரே அறையில். அந்த வகையில் எங்கள் பக்க வீடுகள் பங்கசுக்கு வசதியானவை அல்ல.

பிறகு

மூன்றாம் வாரம் தோல் காய்ந்துவிட்டது. சிகிச்சை தொடங்கியபின் எடுத்த முதலாவது வளர்ப்புச் சோதனையிலேயே பங்கசு அற்றுவிட்டது என்று நம்பாமல் இரண்டாவதும் சுத்தமாக வரும்வரை மருந்தை நிறுத்தவில்லை. பேரனின் கை அதற்கு முன்பே ஆறிவிட்டது. மூன்று மாதத்தில் எடை 5.8. பங்கசு மருந்து முடிந்தபின் கிரியட்டினைனை மீண்டும் பார்த்து, மெலொக்சிகாமை மிகக் குறைந்த அளவில் தொடங்கினோம், சாப்பிடாத நாளில் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அதற்குப் பின்னால் வந்த வீடியோவில் வெள்ளையன் கதிரையில் இருந்தபடி வால் அடியை நக்கிக்கொண்டிருந்தான். என் கணிப்பு சரி என்பதற்கு எக்ஸ்ரேயைவிட நல்ல சான்று அது.

முடி திரும்ப வளரத் தொடங்கியதும் ஒரு வாக்குவாதம். நான் குட்டையாகவே வைத்திருக்கச் சொன்னேன். கச்சான் காற்று தொடங்குமுன் சித்திரையில் ஒருதரம், மாரிக்கு முன் ஐப்பசியில் ஒருதரம் கிளிப்பர் போட்டால் இடையில் சீப்பு வேலை பாதியாகும். "முடி இல்லாட்டி இவனப் பாரசீகப் பூனை எண்டு ஆர் சொல்லுவாங்க?" என்று தொலைபேசியில் மகளுக்கு மனத்தாங்கல். தாய்தான் முடித்துவைத்தார்: "எனக்கும் குனிய ஏலா, அவனுக்கும் திரும்ப ஏலா. ஆர் மகள் சீவுற?"

உடம்பைக் குட்டையாகவும், முகத்தையும் வாலையும் நீளமாகவும் விடுவதென்று ஒப்பந்தம். வாலுக்கும் கழுத்துக்கும் உருக்குச் சீப்பு, முதலில் அகலப் பல், பிறகு நெருக்கப் பல், நுனியில் தொடங்கி அடிக்கு. மயிரின் அடியை விரலால் பிடித்துக்கொண்டு சீவினால் இழுப்பு தோலுக்குப் போகாது. பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஐந்து நிமிடம் செய்கிறான். அதற்கு மேல் வெள்ளையன் இடம் கொடுப்பதில்லை.

தீராமல் இருப்பது பங்கசு வந்த வழி. வெள்ளையன் வெளியே போவதில்லை, ஆனால் குசினி வாசலில் மதில் பூனைகள் இரண்டுக்கு மிச்சச் சோறு வைக்கிறார்கள், அதே கையால் உள்ளே இருப்பவனையும் தடவுகிறார்கள். கூட்டில் பிடித்து விளக்கின் கீழ் வைத்தபோது ஒன்று சுத்தம், மற்றத்தின் காது பச்சையாக ஒளிர்ந்தது. அது பாலூட்டும் தாய்ப்பூனை, ஆகையால் இட்ராகொனசோல் கொடுக்கவில்லை. குட்டிகளோடு கூட்டில் வைத்து மேல்மருந்து மட்டும் போகிறது. குட்டிகள் பால் மறந்தபின் வாய்மருந்து, அதோடு கருத்தடைச் சத்திரசிகிச்சை. அதுவரை சோற்றுத் தட்டு கேற்றுக்கு வெளியே.